அறுபத்திரண்டாம் இதழ்

நவம்பர் 18, 2001, ஞாயிறு

டெல்லி மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. கீசர் காயில் போய்விட்டது. மாற்றவில்லை. பன்னிரண்டு நாளில் காலி செய்யப் போகிற வீடு, யாருக்காக மாற்றுவது?

அப்பா போய் ஏழு மாதம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸை 30ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அம்மா திருச்சிக்கு, மாமா வீட்டுக்கு. எனக்கு முனிர்காவில் ஓர் அறை. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது.

மிச்ச வேலை:
- ஃபேன் மூன்று. அரசாங்கத்துடையது, எண்ணிக் காட்ட வேண்டும்.
- அப்பா ஸ்கூட்டர். பேப்பர் மாற்ற வேண்டும்.
- கூலர். பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரனுக்கு.
- பரணில் தகரப் பெட்டி. பருந்து காமிக்ஸ், 1 முதல் 61.

பெட்டிக்கு அங்கே இடமில்லை. போன வாரமே தமிழ் மெஸ் நோட்டீஸ் போர்டில் சீட்டு ஒட்டினேன்: 'பழைய தமிழ்க் காமிக்ஸ். வேண்டியவர் எடுத்துப் போகலாம். சீக்கிரம்.' கம்பெனி மூடிப் பதினைந்து வருடம். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு போன் வந்துவிட்டது.

நான் இன்னும் அழவில்லை. அம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். கவனிக்கட்டும்.

நவம்பர் 20, செவ்வாய்

முதல் போன்காரன் சாயங்காலம் வந்தான். செல்வம். திருநெல்வேலிப் பக்கம். முனிர்காவில் தங்கி சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கிறான், மூன்றாவது தடவை. வந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். துடைத்தான். அப்புறம்தான் பெட்டியைத் தொட்டான். முதல் இதழை எடுத்து மூக்கில் வைத்தான்.

"என்ன மோந்து பாக்குற?"

"சிவகாசில அச்சடிச்சதுல்லா. மத்தாப்பு வாசம் இருக்கான்னு பாத்தேண்ணே."

"இருக்கா?"

"கரப்பான் வாசந்தாண்ணே இருக்கு."

நேராகவே கேட்டேன். செத்துப்போன கம்பெனியை எதுக்குடா பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

"செத்துச்சுன்னு யாரு சொன்னா?" 61இன் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினான். 'காகிதத் தட்டுப்பாட்டால் அடுத்த இதழ் சற்றுத் தாமதமாகலாம். வாசகர்கள் பொறுத்தருள்க.'

"நிறுத்தியாச்சுன்னு எங்கண்ணே போட்டிருக்கு? பொறுத்துக்கிடத்தான சொல்லியிருக்காவ? பொறுத்துக்கிட்டு இருக்கோம்."

கிறுக்கன். ஆனால் வாதத்தில் ஓட்டை இல்லை.

61இன் கடைசிக் கட்டம்: மாலுமி காளிங்கன் கலங்கரை விளக்கத்தின் அடி அறையில். கழுத்தளவு தண்ணீர். வெளியே பூட்டு. தொடரும். "பதினஞ்சு வருசமா அப்படியே நிக்காம்ணே" என்றான் செ.

"அதெல்லாம் தப்பிச்சிட்டான். 62ல."

அவன் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்தான். "62 வரவே இல்லண்ணே."

வந்தது என்றேன். கதையும் சொன்னேன். கலங்கரை விளக்கத்தில் ஒரு குமாஸ்தா. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் சாவி ரிஜிஸ்டரைப் பார்க்கிறார், ஏழாம் நம்பர் சாவி திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு இறங்குகிறார். பூட்டிலேயே தொங்குகிறது. திறக்கிறார்.

செ. 61ஐத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான். எடுத்துப் போகவில்லை. "ஞாயித்துக்கிழம வாரேம்ணே. அதை மட்டும் தேடி வையுங்க."

நவம்பர் 22, வியாழன்

நேரு பிளேஸில் கேபிள் வேலை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி. மதியம் மொபைலில் இரண்டாவது போன்காரர். வெங்கடேசன், ஜனக்புரி, பேங்க். செ. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறான். இந்தக் கூட்டமே ஒருத்தருக்கொருத்தர் தெரிந்ததுதான் போல.

"தம்பி, காளிங்கன் கதையில கடல் கொள்ளைக்காரன் வருவான், உளவாளி வருவான். ஆபீஸ் போறவன் ஒருத்தன்கூட வரமாட்டான். ரிஜிஸ்டராவது?"

"நான் பொய் சொல்றேன்றீங்களா?"

"அப்படிச் சொல்லலை. புத்தகத்தைக் காட்டுங்க. பெட்டியில வேற எதுவும் எனக்கு வேணாம். எல்லாம் எங்கிட்ட ரெண்டு காப்பி இருக்கு."

எரிச்சல். எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், சர்க்யூட்டில் தப்புத் தேடுவது போல.

1. அப்போது எனக்கு ஒன்பது வயது. தமிழ் படிக்கத் தெரியாது. ஸ்கூலில் ஹிந்தி, இங்கிலீஷ். 61 இதழும் அப்பா படித்துக் காட்டியவை. 'டமால்' என்பதைக்கூட ஃபைல் படிக்கிற குரலில்தான் படிப்பார்.
2. படித்து முடித்ததும் புத்தகம் என் கைக்கு வரும், படம் பார்க்க.
3. 62 மட்டும் என் கைக்கு வரவில்லை. பழுப்பு அட்டை போட்டிருந்தது. "ஆபீஸ்ல ஒருத்தரோடது. பக்கம் மடங்கக் கூடாது" என்றார்.
4. ஆனால் படம் ஞாபகமிருக்கிறது. தண்ணீர் பச்சை. குமாஸ்தா கையில் குடை.

மூன்றும் நான்கும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

63ஐ நானே படிக்க வேண்டும் என்றுதான் பத்து வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். 63 வரவில்லை. அந்த எழுத்துதான் இப்போது இந்த நோட்டுக்கு உதவுகிறது. ஆபீஸில் ஒருத்தனாலும் படிக்க முடியாது.

நவம்பர் 24, சனி

வெயில் ஒன்பதரைக்குத்தான். கூலர் கபாடிக்காரனிடம் போனது. ஃபேன் மூன்றும் ஓடுகின்றன, ஒன்றில் சத்தம்.

அப்பாவின் அலமாரி, கீழ்த் தட்டு. பென்ஷன் பேப்பர்களுக்கு அடியில் பழுப்பு அட்டை. மேலே நீலப் பென்சிலில் 62.

உள்ளே விடுப்பு விதிகள். அரசாங்க அச்சு, இங்கிலீஷ். ஒரு படம்கூட இல்லை. பதினாறு பக்கங்களின் ஓரத்தில் அப்பா கையெழுத்தில் பென்சில் தமிழ். காளிங்கன் பேசுவது, குமாஸ்தா பேசுவது. ஓரிடத்தில் கோடு போட்டு: 'தண்ணீர் பச்சை என்று சொல்லியிருக்கிறேன். மாற்றக் கூடாது.' அதற்குக் கீழே: 'குடை உண்டு.'

அம்மா சமையலறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். காட்டினேன்.

"அப்ப உனக்கு அம்மை போட்டிருந்துது. அவன் செத்துட்டானா, செத்துட்டானான்னு ஒரே பினாத்தல். புத்தகம் எங்கயும் கெடைக்கல. பஸ்ல வரப்பவே யோசிச்சுட்டு வந்தாராம். மறுநாளும் அதே கதை கேட்ட. ஒரு வார்த்தை மாறினா கத்துவ. அதான் எழுதி வச்சுக்கிட்டார்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ என்னைக்குடா அவரை ஏதாவது கேட்ட? அந்தக் கரண்டியெல்லாம் எடு. ஜல்தி."

கரண்டிகளை எடுத்துக் கொடுத்தேன். பதினொன்று.

சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி. நாளைக்கு இரண்டு பேரும் வருவார்கள். அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். உண்மை அதுதான். ஒரே வாக்கியம்.

நவம்பர் 25, ஞாயிறு

மறுபடி பனி. நாலு மணிக்கு வந்தார்கள். வெ. குரங்குக் குல்லா, ஐம்பது இருக்கும். அவரும் கை கழுவினார். டம்ளரெல்லாம் கட்டியாகிவிட்டது. அம்மா இருந்த இரண்டில் காபி கொடுத்தாள். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெ. ஆரம்பித்துவிட்டார்.

"61 வந்த வாரந்தான் தம்பி எனக்கு டெல்லிக்கு மாத்தல். புது அட்ரஸுக்குக் கார்டு போட்டேன். 62 வரலை. அட்ரஸ் மாத்தினதாலதான் தவறிப்போச்சுன்னு ரெண்டு வருஷம் போஸ்ட்மேனோட சண்டை. அவன் பாவம், 'கோயி கிதாப் நஹி ஆயி சாப்', புத்தகம் எதுவும் வரலை சார்னு அழுவான். எல்லாருக்கும் வந்திருக்கும், எனக்கு மட்டும் வரலைன்னு நினைச்சேன். இப்ப ஒருத்தர் வந்ததுன்றார். அது போதும் எனக்கு. உட்கார்ந்து கேட்டுட்டுப் போயிடறேன்."

"எனக்கும் அதேதாண்ணே" என்றான் செ.

அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். அவர்கள் எதிரே, கட்டிய மூட்டை மேல் உட்கார்ந்து, பக்கங்கள் என் பக்கமாகவே இருக்கும்படி பிடித்துக்கொண்டு படித்தேன். என் குரல் ஃபைல் படிக்கிற குரலாக இருந்தது. அம்மா வாசற்படியில் நின்றாள். பதினான்காம் பக்கம். காவல்காரன் குமாஸ்தாவை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். குமாஸ்தா சொல்கிறார்: 'ஒரு சாவி திரும்பவில்லை ஐயா. அதை விட்டுவிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போட்டுப் போவேன்?'

அந்த இடத்தில் நிறுத்தும்படி ஆனது. தண்ணீர் குடித்தேன். மறுபடி முதலிலிருந்து அந்த வரி.

முடித்தேன். பூட்டு திறந்தது, காளிங்கன் மூச்சு விட்டான். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் அதை யார் போட்டது என்று தெரியவில்லை.

வெ. குல்லாவைக் கழற்றினார். "தம்பி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"ஆபீஸ்ல ஒருத்தரோடது சார். பக்கம் மடங்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அட்டையிலிருந்த 62ஐப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

"தண்ணி என்ன கலருன்னாவது சொல்லுங்கண்ணே" என்றான் செ.

பச்சை என்றேன்.