இராசத்தின் விரதமும் கல்சியக் குளிசையும்

1978 ஐப்பசி 15, புதன்

விடியமுதலே மழை. மிளகாய் மூட்டைகளுக்குப் படங்கு போட்டாயிற்று. கந்தசஷ்டி தொடக்கம், கடை மந்தம்.

இராசம் கொழும்பில் கழுத்து ஒப்பரேசன் முடிந்து வந்து நாலு நாள். சிறுநீரகத்தில் சலக்கல்லும் எலும்பு நோவுமாய் அவளை வருத்திய சுரப்பிக் கட்டி போய்விட்டது. குரல் இன்னும் கம்மல். அவளும் விரதமாம். பால் குடிப்பாள்தானே, டொக்டர் தந்த குளிசையும் போடுவாள் என்று விட்டேன்.

அடுப்படியில் அவள் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டு கடைக்குப் புறப்படுவதே ஒரு சுகம். கலியாணம் கட்டியும் எத்தனை வருடம் நான் தெற்கே காலியில் கடை, அவள் புத்தூரில். பொங்கலுக்கும் சித்திரைக்கும் மட்டும் பார்த்த முகம்.

17, வெள்ளி

காலையில் உதடு விறைக்குது என்றாள். பிறகு விரல் நுனியில் எறும்பு ஊருகிற மாதிரி. மத்தியானம் இரண்டு கையும் விபூதி எடுக்கிற பாவனையில் குவிந்து இறுகிவிட்டன. விரிக்க முடியவில்லை. கார் பிடித்து ஆசுபத்திரி. நாளத்துக்குள் மருந்தை மெல்ல மெல்ல ஏற்ற, கை தளர்ந்தது.

டொக்டர்: "எலும்பு இவ்வளவு நாளும் பட்டினி. கட்டியை எடுத்தவுடனை இரத்தத்திலை இருக்கிற கல்சியம் முழுக்க அது இழுக்குது."

விளங்கியது. சீனித் தட்டுப்பாடு முடிந்த கிழமை சனம் கடையில் அள்ளியதே, அது மாதிரி.

"குளிசை ஒழுங்காய்ப் போடுறாவோ?"

"ஓம்" என்றேன். அவள் முகட்டைப் பார்த்தாள்.

18, சனி

உண்மை வந்தது. புதன் தொடக்கம் ஒரு குளிசையும் இல்லை. உயிரோடு திரும்பினால் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் என்று கந்தனுக்கு நேர்ந்தாளாம்.

"குளிசை சாப்பாடே?"

"வாய்க்குள்ளை போறதெல்லாம் சாப்பாடுதான்."

கல்சியம் இன்னும் இறங்கினால் வலிப்பு, இதயமும் தடுமாறும் என்கிறார் டொக்டர். இவள் வாய் திறக்கிறாளில்லை. பக்கத்துக் கட்டில் மனிசி: "அவ முருகனோடை, நீங்கள் டொக்டரோடை. நல்ல குடும்பம்."

பேரம் பேசினேன். "மிச்ச நாள் விரதத்தை நான் பிடிக்கிறன். நீ பாலையும் குளிசையையும் எடு."

"நீங்களோ? பத்து மணிக்கு வடை இல்லாட்டிக் கடையிலை நிக்கமாட்டியள்."

"ஆள் மாறினால் கந்தன் ஏற்கமாட்டானோ?"

சிரித்தாள். இருமல் வந்தது. பிறகு குளிசைக்குக் கை நீட்டினாள்.

19, ஞாயிறு

பசி. தலைச்சுற்று. மழை விடவில்லை. கொடியில் அவள் சேலை. எடுத்து மடிக்க மனம் வரவில்லை. காலியில் இருந்த காலத்தில் இப்படித் தேடியதில்லை. அப்போது அவள் வீட்டில் இருந்தாள்.

20, திங்கள்

கோயிலில் சூரன்போர். போகவில்லை. நாலு மணிக்கு ஆசுபத்திரி. இரத்தச் சோதனை பரவாயில்லை. ஆனால் இன்னும் ஒரு கிழமைக்கு விடமாட்டார்களாம்.

"முகம் வாடிப்போச்சு. ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"நாளைக்குப் பாறணையிலை சாப்பிடுவன்."

விரல்கள் முந்திப்போல வழங்குகின்றனவோ என்று அறிய, "இறுக்கிப் பிடி பாப்பம்" என்று கையை நீட்டினேன். நாலு பேர் பார்க்க என்னைத் தொட்டறியாதவள். பிடித்தாள். பார்க்க வந்தவர்கள் வெளியேற மணி அடித்தது.

"போங்கோ" என்றாள். விடவில்லை.