ஹெரான் பவுலுக்கு நீ வராத டிசம்பர்

பெல்ஃபோர், லூசியானா
டிசம்பர் 28, ஞாயிறு

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், தம்பி லயனல் மட்டும் தோளும் முழங்கையும் கன்னிப்போய் சோபாவே கதின்னு கிடக்கான், அதைப் பத்திதான் இந்தக் கடிதமே. அங்க வடக்குக் கோடியில, கோடியாக் தீவுல உனக்குச் சளி விட்டுச்சா? காலையில பத்து மணி வரைக்கும் விடியறதில்லைன்னு சொன்னே, அந்தக் குளிர்ல ஹெலிகாப்டருக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்க்கிற என் பொண்ணை நினைச்சா எனக்கு இங்க காபி தொண்டையில இறங்கறதில்லை. போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல உன்னை யாராவது கூப்பிட்டுடறாங்க, எனக்கும் சொல்ல வந்தது மறந்து போயிடுது, அதனாலதான் உட்கார்ந்து எழுதுறேன், பொறுமையா படி.

மூணு வாரத்துக்கு முன்னாடி, அந்தத் திங்கள்கிழமை, நீ போன்ல சொன்னது ஞாபகம் இருக்கா? இப்பல்லாம் அந்த ஹெரான் பவுல் ஃபுட்பால் ஆட்டத்துக்கு என்னம்மா மதிப்பு, சாம்பியன் சுற்றுக்குப் போக முடியாத ரெண்டு டீம் சும்மா ஒப்புக்கு ஆடறது, லயனலும் அஞ்சு வருஷமா பெஞ்சுலதானே உட்கார்ந்திருக்கான், அதைப் பார்க்க நாலு விமானம் மாறி வரணுமான்னு கேட்டே. நான் சரிம்மான்னு வச்சுட்டேன். கோபம் இல்லை கண்ணு. ஒரு காலத்துல நீயே கிறிஸ்துமஸ் மாதிரி காத்துக்கிட்டு இருந்த நாள் அது.

அதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசா தெரியாது. சர்ச் முடிஞ்சு வந்தா எங்களுக்கு முன்னாடியே கிளைட் மாமா அத்தையைக் கூட்டிக்கிட்டு வந்து அப்பாவோட நாற்காலியில உட்கார்ந்திருந்தார். தம்பியோட மார்ஷன்ட் காலேஜ் பன்னெண்டு ஆட்டத்துல பத்து ஜெயிச்சிருந்துச்சு, சாம்பியன் யாருன்னு தீர்மானிக்கிற சுற்றுக்கு இப்ப பன்னெண்டு டீமை எடுக்கறாங்க, இவங்க பேரும் வந்துடும்னு எல்லாரும் டிவியை விட்டுக் கண்ணெடுக்கலை. பேரை ஒண்ணொண்ணா வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. பன்னெண்டும் முடிஞ்சுது. நம்ம பசங்க பதிமூணாவது. அத்தை கையில இருந்த தட்டை அப்படியே வச்சுட்டா. கிளைட் மாமாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, பதிமூணாவதா வந்தவனும் ஒண்ணுதான் நூறாவதா வந்தவனும் ஒண்ணுதான் ஏமில், பசங்களை வீட்டுக்கு வந்து தூங்கச் சொல்லுன்னு அப்பாகிட்ட சொன்னார். நான்தான் சொன்னேன், முன்னாடி நாலே நாலு டீமை எடுத்தப்போ இந்தப் பசங்க அதைப் பத்தி நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க, பத்து ஜெயிச்சாலே ஊர்வலம் போயிருப்பாங்க, கதவைக் கொஞ்சம் அகலமா திறந்து வச்சதாலதானே வெளியே நின்னவனுக்கு இவ்வளவு அழுகைன்னேன். அத்தை மட்டும் தலையாட்டினா.

அன்னைக்குச் சாயங்காலமே, வருஷக் கடைசியில ரெண்டு காலேஜ் டீமைக் கூப்பிட்டு நடத்தற நம்ம ஊர் ஹெரான் பவுலுக்கு மார்ஷன்டைக் கூப்பிட்டிருக்காங்கன்னு சேதி வந்துச்சு. அப்பாவை நீ பார்த்திருக்கணும் டெல்ஃபின். இருபத்தாறு வருஷமா அந்த மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கிறவர், ஒவ்வொரு டிசம்பரும் ரெண்டு கோடியிலயும் யாரோ ரெண்டு காலேஜோட பேரைப் பெயின்ட்ல எழுதறவர், இந்தத் தடவை தன் பையனோட காலேஜ் பேரை எழுதப் போறார். சமையலறைக்குள்ள வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உன்கிட்ட அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார், நான்தான் திங்கள்கிழமை சொல்லிக்கலாம்னேன். நீ வரலைன்னு சொன்னதை அவர்கிட்ட ரெண்டு நாள் சொல்லலை. அப்புறம் சொன்னேன். அவளுக்கு வேலை இருக்கும்னு மட்டும் சொன்னார்.

அதுக்குள்ள லயனல்கிட்ட இருந்து போன். அம்மா, நாங்க வரமாட்டோம் போல இருக்கு, வியாழக்கிழமை ஓட்டெடுக்கறாங்கங்கறான். எனக்குப் புரியவே இல்லை, கூப்பிட்டா வராம இருப்பாங்களாடான்னு கேட்டேன். இப்பல்லாம் அப்படித்தானாம். அவங்க பயிற்சியாளர் மறுநாளே வேற காலேஜுக்குப் போயிட்டார், பந்தை வீசற பையன் வேற காலேஜ் தேடிக்கிட்டு இருக்கான், சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய டீமுக்குப் போகப் போற நாலைஞ்சு பேர் அடிபட்டுக்கக் கூடாதுன்னு ஒதுங்கிட்டாங்க. லயனலோட இடத்துல ஆடற ப்ரெஸ்டனும் அதுல ஒருத்தன். மிச்சமிருக்கறவங்க, பன்னெண்டுல வரலைன்னா எங்கேயும் வேண்டாம்னு முறைச்சுக்கிட்டு இருக்காங்கன்னான். அப்பா வாங்கி வச்ச பெயின்டை ஷெட்டுலயே விட்டுட்டு, அந்த வாரம் பூரா புல்லுக்குத் தண்ணி விட்டுக்கிட்டே இருந்தார். நானும் சர்ச்சுப் பொம்பளைங்களும் வழக்கமா டீமுக்குப் போடற விருந்துக்கு இறால் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியாம உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஓட்டெடுப்புல நடந்ததை உன் தம்பி வாயால சொல்லவே இல்லை, அவன் அறையில தங்கியிருக்கிற பையனோட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தப்போ நம்ம லயனல் எழுந்திரிச்சானாம். கடைக்குப் போனா பாக்கிச் சில்லறை கேட்கக்கூட வெட்கப்படற பையன். அஞ்சு வருஷமா வாரம் முழுக்க உங்ககிட்ட மோதி அடி வாங்கறது நான், சனிக்கிழமை ஆனா சுத்தமான சட்டையோட உட்கார்ந்து தண்ணி குடிக்கறதும் நான், உங்களுக்கு வேண்டாத ஆட்டத்தை எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கொடுத்துட்டுப் போங்கடா, நாங்க ஆடிக்கறோம்னு சொல்லியிருக்கான். பின்னாலிருந்து ஒருத்தன், உனக்கு ஊருக்குப் போக ஓசி பஸ் வேணும்னு நேரா சொல்லேன்டான்னு கிண்டல் பண்ணானாம். இவன், ஆமா வேணும்தான், எங்க அம்மா இறால் போட்டு கம்போக் குழம்பு பண்ணுவாங்க, நீயும் வந்து தின்னுட்டுப் போன்னானாம். எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். அப்புறம் கை தூக்கச் சொன்னப்போ, ஆடலாம்னவங்க பக்கம் ஒன்பது கை கூடுதலா இருந்துச்சாம். அதைக் கேட்டுட்டு அப்பா பெயின்டை எடுக்க ஷெட்டுக்குப் போனவர் சாப்பிடக்கூட வரலை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் விருந்துக்குப் பசங்க வந்தாங்க. வழக்கமா வர்ற கூட்டத்துல முக்கால்வாசிதான். ஆனா சாப்பிட்டது என்னவோ ரெண்டு மடங்கு. டிரெம்மல்னு ஒரு மலை மாதிரி பையன், நாலாவது கிண்ணத்தை நீட்டிக்கிட்டு, மேடம், லயனல் பொய் சொல்றான்னு நினைச்சோம், மன்னிச்சுக்கோங்கன்னான். அந்த ப்ரெஸ்டனும் வந்திருந்தான். ஆடமாட்டேன்னுட்டு சாப்பிட மட்டும் வர்றானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுது, கரண்டியில ரெண்டு இறால் கம்மியாவே போட்டேன், பொய் சொல்லலை. அப்புறம் பார்த்தா ரெண்டு பேரும் மூலையில உட்கார்ந்து, உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்தி வச்சு, எதிராளி இப்படி வந்தா நீ அப்படித் திரும்புன்னு ப்ரெஸ்டன் இவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கான். கிளம்பறப்போ என்கிட்ட வந்து, எனக்கும் ஆடணும்னு ஆசைதான் மேடம், போன வருஷம்தான் முழங்காலைத் தைச்சாங்க, எங்க வீட்டுல அம்மாவும் ரெண்டு தங்கச்சியும் என்னை நம்பித்தான் இருக்காங்கன்னான். மிச்சம் இருந்ததை ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்தேன். அவன் மேல தப்பு இல்லை டெல்ஃபின். அவன் அம்மா இடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம். நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ அப்பா தோள்ல ஏறி உட்கார்ந்துதான் உனக்கு மைதானமே தெரியும், அவ்வளவு கூட்டம். இந்தத் தடவை எங்க வேணா உட்காருங்கன்னு சொல்லிட்டாங்க. எதிர்ப்பக்கம் பூரா வெறும் பெஞ்சு, காத்து அடிச்சா காலி கோப்பை உருளற சத்தம் இங்க கேட்குது. உனக்குன்னு வழக்கமா பிடிக்கிற இடத்துல என் கோட்டை வச்சேன், யாரும் கேட்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் வச்சேன். அப்புறம் தம்பி வந்தான். நடுவுல, பந்துக்கு முன்னாடி குனிஞ்சு நின்னான். நடுவுல நிக்கிறவன்தான் காலுக்கு நடுவால பந்தைப் பின்னால கொடுத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கி வைக்கணும்னு உனக்குத் தெரியும், அவன் தொட்டாத்தான் எல்லாமே. முதல் பந்தை எடுத்தான் பாரு, கொடுத்தான் பாரு, வாங்க வேண்டியவன் தலைக்கு மேல போயி, அப்பா எழுதின பேர் மேலயே உருண்டு, கோட்டுக்கு வெளியே போயிடுச்சு. எதிராளிக்கு ரெண்டு பாயின்ட் சும்மா கிடைச்சுது. கிளைட் மாமா, ஏமில், உன் மகன் வானத்துல கொக்கு சுடறான்னார். அத்தை அவரைத் தொடையில கிள்ளினா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தப்போ கோட்டுக்கு வெளியில நின்ன ப்ரெஸ்டன் இவனோட ஹெல்மெட்டைப் பிடிச்சு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தான், இவன் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான்.

அதுக்கப்புறம் ஒரு பந்துகூடத் தப்பலை. எழுபது தடவைக்கு மேல குனிஞ்சு எழுந்தான். இவனை விடப் பெரிய ஆளுங்க வந்து மோதினாங்க, விழுந்தான், எழுந்தான், ஒரு தடவை விழுந்து கிடந்த எதிராளியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். மூணாவது பகுதியிலேயே நமக்கு இருபது, அவங்களுக்கு இருபத்து நாலுன்னு வந்து நின்னுடுச்சு. கடைசி ஒரு நிமிஷம், நம்ம பசங்க கோட்டுக்கு மூணு கஜத்துல நிக்கறாங்க, பந்தோட அதைத் தாண்டிட்டா ஜெயிச்சுடலாம். அந்த மைதானத்துல ரெண்டாயிரம் பேர் இருந்திருப்போமா, எல்லாரும் எழுந்துட்டோம். கிளைட் மாமா பெஞ்சு மேல ஏறி, தள்ளுடா லயனல், தள்ளுடா என் ராசான்னு கத்தறார், தூங்கச் சொன்ன அதே மனுஷன். லயனல் தன் ஆளைத் தள்ளித்தான் வச்சிருந்தான், நான் பார்த்தேன். பந்து வச்சிருந்த பையன் கால் இடறி ஒரு கஜத்துக்கு முன்னாடி விழுந்துட்டான். தோத்துட்டோம்.

அப்பாவும் நானும் கீழே இறங்கிப் போனோம். முகமெல்லாம் சேறு, மூக்குல ரத்தம், அழுதுக்கிட்டே சிரிக்கறான், அவனைப் பிறந்த அன்னைக்குப் பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அம்மா, பூரா ஆட்டமும் நான்தாம்மா ஆடினேன்னான். அடுத்த பேச்சு, அக்கா பார்த்தாளா. நான் பார்த்திருப்பாடான்னேன். நீ டிவியில பார்த்தியான்னு எனக்குத் தெரியாது. பார்க்கலைன்னா என்கிட்ட சொல்ல வேண்டாம், அவன்கிட்டயும் சொல்லாதே, அவனைக் கூப்பிட்டுப் பேசினா மட்டும் போதும். மூணாவது பகுதியில ஒருத்தனைத் தூக்கிப் போட்டான், அதைச் சொன்னா சந்தோஷப்படுவான்.

இன்னொரு சேதி இருக்கு. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் ஹெரான் பவுல் நடத்தறவங்க அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, அடுத்த வருஷத்தில இருந்து ஆட்டம் கிடையாது. டிவிக்காரங்களுக்கு ஆசை விட்டுப் போச்சு, கூப்பிட்டா வர்ற டீமும் குறைஞ்சு போச்சு. கிளைட் மாமா சொல்றதிலயும் நியாயம் இருக்கு, முன்னாடி நவம்பர் வந்தா நாலைஞ்சு ஊர்தான் சாம்பியன் கனவு காணும், இப்ப இருபது ஊர் காணுது, அதுல ஒண்ணு தம்பி காலேஜ், அது நல்லதில்லையாங்கறார். நல்லதுதான். யார் மேலயும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நீ அன்னைக்குக் கேட்டியே, அதுக்கு என்ன மதிப்புன்னு. மத்தவங்களுக்கு எப்படின்னு தெரியலை கண்ணு. எனக்கு அது உன்னை வீட்டுக்குக் கூப்பிட ஒரு சாக்கு. நீ போன முதல் ரெண்டு வருஷம் அந்த ஆட்டத்துக்குத்தான் வந்தே. எனக்காக வான்னு கேட்க எனக்கு வாய் வராது, எங்க அம்மாவுக்கும் வராது, அதனால ஆட்டம் இருக்கு வாடின்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். நாலு வருஷமா அந்தச் சாக்கும் எடுபடலை, இப்ப அதுவும் போச்சு. அதனால நேராவே கேட்கறேன். வாம்மா. மார்ச்ல வா, ஜூன்ல வா, ஊர்ல ஒரு விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வா.

கடவுள் உன்னை அந்தக் குளிர்லயும் காத்துலயும் கைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். நீ தொடற எஞ்சின் எல்லாம் பத்திரமா பறந்து பத்திரமா இறங்கட்டும், உன் கை நல்லா இருக்கட்டும். அப்பா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார். காதுக்கு அடைப்பு வச்சுக்காம எஞ்சின் பக்கத்துல நிக்காதே. உங்க லீவு விண்ணப்பத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குன்னும், அதுல என்ன எழுதறதுன்னே தெரியலைன்னும் முன்னாடி ஒரு தடவை சொல்லியிருந்தே. அதுல அம்மான்னு எழுது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா
வெர்லீன்