மீன் தொட்டியில் இருந்த செடி

என் பெரியவனுக்கு,

ஏரியை அடைத்துக் கிடக்கும் வெளிநாட்டுச் செடியைப் பற்றி நீ அதிகாரியாக நின்று டிவியில் பேசியதைப் பார்த்தேன். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. “யாரோ ஒரு மடையன் மீன் தொட்டியை இதுல கவுத்திருக்கணும்” என்றாய். டிவியை அணைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டிலும் ஒரு மீன் தொட்டி இருந்ததே, அப்போது உனக்கு ஒன்பது வயது. உன் அப்பா கிளம்பிப்போன மாதம்தான் நாம் சின்ன வீட்டுக்கு மாறினோம். தொட்டி வைக்க அங்கே இடமில்லை. மீன்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். பொய். அதுகளாவது பிழைக்கட்டும் என்று வாளியோடு கொண்டுபோய் ஏரியில் கொட்டினேன். கூடவே அந்தச் செடியும் போனது. ஒரு பிடிகூட இருக்காது. படகே நகராதபடி மண்டும் என்று எனக்கென்ன தெரியும்?

நீ அழுதிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன். “சரிம்மா” என்று மட்டும் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை செடி அள்ள ஆள் வேண்டும் என்றாயே, நானும் வருகிறேன். என் முழங்காலைப் பற்றிப் பேசாதே. எல்லார் முன்னாலும் திட்டுவதானால் திட்டிக்கொள். சின்ன அளவில் ஒரு ஜோடி கையுறை மட்டும் எடுத்து வை.

நீ தேடும் அந்த மடையன்,
உன் அம்மா