ஆறு புள்ளி மூன்று கிராம்

என் மாமாவுக்கு, கோபம் பாதியும் பிரியம் பாதியுமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த பள்ளிக்கூட ஆய்வக வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். சந்தோஷமா? உங்கள் தம்பிக்கு இல்லை. உங்கள் கல்லறையில் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டார். "மதினி, அந்த வேலைய எனக்கு விட்டுக்குடுத்துருங்க. ஆசிட்டு, கிராம், மோலுன்னு அம்புட்டும் கணக்கு. ஒங்களுக்குத் தக்காளி நிறுக்கத்தான் தெரியும்."

அவரைச் சொல்லி என்ன? நீங்களும் அதையே சொன்னவர்தானே. ஆய்வகத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "ஒனக்குப் புரியாதுடி, சோத்துக்கு வெஞ்சனத்த வையி" என்பீர்கள். ஒரு நாளாவது சொல்லிப் பார்த்தீர்களா?

வீம்புக்கு உட்கார்ந்தேன். நம் மகள் அமலியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். மோல் ஒன்றும் பூதமில்லை, டஜன் மாதிரி அதுவும் ஒரு எண்ணிக்கைதான். கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ண முடியாது, அதனால் நிறுத்துப் பார்க்கிறோம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் செவ்வந்தியும் நூறு நூறு கிராம் வாங்கினால் பூ எண்ணிக்கை ஒன்றாகவா இருக்கும்? எண்ணிக்கை ஒன்றாக வேண்டுமென்றால் எடை மாறத்தான் செய்யும். ஒரு மோல் தண்ணீர் பதினெட்டு கிராம், ஒரு மோல் சமையல் உப்பு ஐம்பத்தெட்டரை கிராம். இம்புட்டுத்தான் மாமா! இதற்கா என்னை அடுப்படிக்கு விரட்டினீர்கள்?

வேலை தருவதற்கு முன்னால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். உங்கள் தம்பி எனக்கு முன்னாலேயே போய், "அவங்களால முடியாது சார்" என்று சொல்லிவைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வேதியியல் டீச்சர் ஒரு புட்டியை என் முன்னால் வைத்துக் கேட்டார்: "ஆக்சாலிக் அமிலம், பத்தில் ஒரு மோலார் கரைசல், அரை லிட்டர் வேணும். எத்தனை கிராம் நிறுப்பீங்க?"

அணு எடைகளைக் கூட்டினேன், தொண்ணூறு வந்தது. அதை வைத்தே மேலே போயிருப்பேன். நல்லவேளை, புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு தண்ணீர் சேர்ந்திருப்பதாகப் போட்டிருந்தது. முப்பத்தாறையும் கூட்டினேன்.

தம்பி சிரித்தார். "காஞ்ச தூளுல எங்கிட்டிருந்து வந்துச்சு தண்ணி?"

"பாக்கத்தான் காஞ்சிருக்கு. உள்ளுக்குள்ள இருக்குற தண்ணியும் தராசுல சேந்துதான ஏறும்?" என்றேன். ஒரு மோலுக்கு நூற்று இருபத்தாறு. பத்தில் ஒரு மோலுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு. அது ஒரு லிட்டருக்கு, அரை லிட்டருக்கு ஆறு புள்ளி மூன்று கிராம். மில்லிகிராமில் ஆறாயிரத்து முந்நூறு என்று யாரும் கேட்காமலே சொன்னேன். திமிர்தான், இருக்கட்டும்!

நிறுத்துக் காட்டினேன். டீச்சர் தலையாட்டினார். "கோவிச்சுக்கிராதீங்க மதினி" என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினார். கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சவா முடியும்?

இப்போது ஆய்வகத்துச் சாவி என்னிடம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு எல்லாக் கரைசலும் நான்தான் கலக்கப்போகிறேன். நேற்று உங்கள் தராசைத் துடைக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் உயிரோடு இருந்தவரை அந்த அறை வாசலை நான் மிதித்ததே இல்லை. நீங்கள் செத்துத்தான் நான் உள்ளே வர வேண்டியிருந்ததா? இருக்கும்போதே ஒரு நாள் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கலாமே மாமா?

அமலி உங்களைப் போலவே ஆய்வகம் என்றால் உயிரை விடுகிறாள். அவளுக்கு எந்தக் கதவையும் யாரும் சாத்த விடமாட்டேன். கட்டிக்கப்போகிறவன் சாத்தினாலும் விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத பொண்டாட்டி,
ஸ்டெல்லா