செம்புத் தகட்டைத் தேடும் கை

என் அருமை மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. நான் இப்போது வெடிக் கம்பெனிக்குப் போவதில்லை. சாத்தூரில் ஒரு தையல் கடையில் இருக்கிறேன். கைக்கு மட்டும் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கடைக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலையைத் தடவிப் பார்க்கிறது.

வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டால் உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். பதினோரு வருடம் தொட்டோம். ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலிலும் நீங்கள் அப்படித் தொட்டீர்கள். “இங்கன என்ன மருந்தா கலக்கப் போறீக?” என்று கேலி செய்தேன். “நானா தொட்டேன்?” என்று உங்கள் கையையே பார்த்தீர்கள்.

அந்தக் கேள்வி இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். ஒருநாள் என்னை உட்காரவைத்து, தோன்றும்போது விரலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். எண்ணம் முதலில் வந்ததா, விரல் முதலில் கிளம்பியதா என்றாள். சத்தியமாகத் தெரியவில்லை மதினி. கை கிளம்பிய பிறகுதான் மனசு வந்து, ‘நான்தான் முடிவெடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்கிறது என்று சிலர் நினைக்கிறார்களாம். கிளம்பியதை நிறுத்த மட்டும் கொஞ்சம் நேரம் நம் வசம் உண்டாம். அதிலும் படித்தவர்களுக்குள் சண்டை ஓயவில்லையாம்.

அதிலிருந்து என்னை நானே வேவு பார்க்கிறேன். நேற்று வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பினேன். பூட்டித்தான் இருந்தது. பூட்டியது யார்?

மருந்து அறை வெடித்த அன்று, தகட்டைத் தொடாமல் உள்ளே போய்விட்டீர்கள் என்று ஊரே பேசியது. நான் உங்களுக்குப் பின்னால்தான் வந்தேன். தூக்குவாளியை மர நிழலில் வைக்கத் திரும்பிவிட்டேன், நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்து, “அவ தகட்டத் தொட்டாளா?” என்று கேட்டார்.

“தொட்டாக. நான் பாத்தேன்.”

யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. அண்ணன் அன்றுதான் சாப்பிட்டார்.

அந்தப் பொய்யை நான் சொன்னேனா, அதுவாக வந்ததா? அதுவாகவே வந்ததென்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்ததே. ஒருநாள் அண்ணனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை வாய்மேல் போட முடியாது.

அண்ணன் இன்னும் அவ்வப்போது கேட்கிறார். இனி உடனே பதில் சொல்ல மாட்டேன் மதினி. நன்றாக யோசித்து, தெரிந்தே சொல்வேன்: தொட்டாக.

உங்களைக் கேலி செய்ய ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்