தறி ஏற்காத மயில்

தை 9, வெள்ளி

பழனியம்மாள் அக்கா தன் மகளின் முகூர்த்தச் சேலையைத் தன் தறியிலேயே நெய்யப்போகிறார். அதன் முந்திக்கு நான் கணினியில் ஒரு மயில் வரைந்திருந்தேன். இன்று தறியில் மாட்டும் துளை அட்டை குத்தக் கொடுக்கலாம் என்று திறந்தால், மயிலின் மூலமான பிஎம்பி கோப்பைக் காணோம். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் காட்ட ஜேபெக்காக மாற்றிவிட்டு, இடத்தை அடைக்கிறதென்று பிஎம்பியை அழித்தவன் நான்தான்.

பிஎம்பியில் ஒரு புள்ளிக்கு ஓர் இழை, மொத்தம் நான்கே நிறம். ஜேபெக்கோ கோப்பைச் சுருக்குவதற்காக ஓரங்களைக் கலக்கிவிடும். போட்டோவுக்கு அது போதும். இப்போது மயிலைச் சுற்றி நூற்றுக்கணக்கான நிறங்கள். எந்த இழையைத் தூக்குவதென்று தறிக்குத் தெரியாது. திரும்ப வரையப் பதினைந்து நாளாகும். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது. அப்புறம் எப்போது நெய்வது?

மயில் தறிக்கு ஆகாது என்று கேள்விப்பட்டு, மாலையில் அக்கா வந்து போனை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, படம் நல்லாத்தானுங்க தெரியுது. இதுல என்னங்க கொறை?"

கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. "இல்லீங்க அக்கா..." என்று ஆரம்பித்தேன். போனை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

அவர் வாங்கிப் படத்தை மூடினார். திரை அணைவதற்குள் பார்த்துவிட்டேன். முகப்புப் படமாக அந்த மயிலைத்தான் வைத்திருக்கிறார்.