சேத்துக்கு எந்த டயர்?

நவம்பர் 3, திங்கள்

காலையிலருந்து தூறல். துணி எதுவும் காயல.

ஆர்டர் கெடச்சிடுச்சு! வல்லம் வடகால் பின்பக்கம் புதுசா கட்டுற கம்பெனி. கட்டட ஆளுங்களுக்கு மதிய சாப்பாடு. வியாழன், வெள்ளி வெள்ளோட்டம். சரியா வந்தா நிரந்தரம். சைட் எஞ்சினியர் மேடம் போன்ல: "முன்னாடி கொண்டாந்த வேன் சேத்துல நின்னுடுச்சு. ஆளுங்க சாயங்காலம் வரைக்கும் வெறும் பிஸ்கட். மழைன்னு எங்கிட்ட காரணம் சொல்லக்கூடாது."

சொல்ல மாட்டேன்னுட்டேன். போனை வெச்சப்புறம்தான் நம்ம பிக்கப் டயர் ஞாபகம். நாலும் மொட்டை. ஃபோர் வீல் வண்டி இருந்து இன்னா பிரயோஜனம், டயர் வழுக்குனா?

வீட்டுக்காரர் முத்து ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சொன்னேன். சட்டைகூட மாத்தல. "ஏட்டி, அகல டயர் போட்ருவோம். பாக்கதுக்கு யானை மாதிரி நிக்கும்லா!" திருநெல்வேலிக்காரருக்கு எல்லாம் பெருசா இருக்கணும். கல்யாண மாலை உட்பட.

வாங்க: பெருங்காயம், டைட் மூடி போட்ட அண்டா, கேஸ். டயர்!!

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுது. மு. வந்ததும் சுங்குவார்சத்திரத்துல டயர் கடை. ரோடு, சேறு ரெண்டுலயும் ஓடற டயர். ரெண்டு சைஸ் எடுத்துப் போட்டாரு கடைக்காரர். ஒண்ணு வண்டிக்கு ஏத்த பழைய அளவு, ஒல்லி. இன்னொண்ணு அகலம், மேல துருத்தற பட்டனெல்லாம் செங்கல் மாதிரி. புது ரப்பர் வாசனை, ஆஹா. மு. அகலத்தைத் தடவிக்கினே நிக்கிறார், கன்னுக்குட்டிய தடவற மாதிரி.

"இன்னா வித்தியாசம்ணா?"ன்னு கேட்டேன்.

கடைக்காரர்: "ஒல்லி சேத்த வெட்டிக்கினு போயி அடியில கெட்டித் தரையப் புடிக்கும்மா. அகலம் மேலயே மெதந்துக்கினு போவும்."

"எது நல்லது?"

"அடியில கெட்டித் தரை கீதா இல்லியான்னு பாரு. போயி மண்ணக் கேளு, என்னிய கேட்டா?"

பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தவர் நடுவுல: "அகலம் போட்டு ஸ்டேரிங் ஒடிச்சா மட்கார்டுல உரசும்." மு. அவரை ஒரு மொறை மொறைச்சாரு. வர வழியெல்லாம் எனக்கு மனசு டயர் டயர்னு அடிச்சிக்கினு.

நவம்பர் 5, புதன்

வெயில். ஆனா புழுக்கம். சாயங்காலம் நேரா சைட் ரோட்டுக்கு. செருப்பு கையில, கடப்பாரை தோள்ல. மானம் போவுதுன்னு மு. நாலடி தள்ளி நடக்கிறார்.

குத்தினேன். சாண் ஆழம் கொழகொழ. அப்புறம் டங்! லாரி போறதுக்கு அடியில கிராவல் கொட்டி அமுக்கியிருக்காங்க. தள்ளிப் போயி குத்தினேன். டங்! சிரிப்பு தாங்கல. மு. கடப்பாரையப் புடுங்கி அவரே குத்திப் பாத்தார், அவர் கைக்காவது ஆழமா எறங்கும்னு. டங்.

"சரிட்டி. ஒல்லியே வாங்கு."

முகம் சுண்டிப் போச்சு. பாவம். இருட்டிடுச்சு, திருப்பம் வரைக்கும்தான் பாத்தோம்.

கடை மூடறதுக்குள்ள மாட்டியாச்சு. மு. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தார். "மோசமில்ல." அவர் வாயில அது பெரிய பாராட்டு.

நவம்பர் 6, வியாழன்

விடிய விடிய மழை. சோறு, சாம்பார், முட்டை, காரமா உருளைக்கெழங்கு. மு. ட்யூட்டியில. நான் ஸ்டேரிங், பக்கத்துல கூட சமைக்கற லட்சுமி அக்கா.

ரோடே தெரியல, தண்ணி. ஃபோர் வீல் போட்டு, ஃபர்ஸ்ட் கியர். டயர் எறங்குது, எறங்குது... புடிச்சிக்கிச்சு! அந்தப் பிடி இடுப்பு வரைக்கும் தெரிஞ்சுது. கத்திட்டேன். அக்காவும் கத்துது, பயத்துல.

திருப்பம் தாண்டினா சைட் கேட். அங்க நேத்துதான் புது மண் கொட்டியிருக்காங்க போல. கேட்டுக்கு முன்னாடியே பொதக்குனு உட்கார்ந்துடுச்சு. கெட்டித் தரையே இல்ல. இங்க மு. சொன்ன அகலம்தான் ஓடியிருக்கும். உண்மைய எழுதணும்ல.

ஷெட்ல அத்தனை பேரும் தட்டோட நின்னு பாக்கறாங்க. மு.வுக்கு போன் போட முடியாது, அவர் ஃபாக்டரி லைன்ல வேலை நேரத்துல போன் கூடாது. அழுகை வந்துது. அப்புறம் தோணுச்சு: அகலம்தானே வேணும்?

எறங்கினேன். வால்வு மூடியத் திருகி, சாவியால அமுக்கி, நாலு டயர்லயும் காத்த எறக்கினேன். உஸ்ஸ்ஸ். டயர் அமுங்கி, வயிறு பிதுங்கி, அகலமாச்சு. பின்னாடி ஒரு இழுப்பு, முன்னாடி மெதுவா. ஏறிடுச்சு!

கையெல்லாம் சேறு. அக்காதான் பரிமாறிச்சு. மேடம் சோத்தத் தொட்டுப் பாத்து, "சூடா இருக்கே"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. திரும்ப மெதுவா உருட்டிக்கினு வந்து காத்து புடிச்சேன்.

மு. கேட்டுட்டு டயரை அமுக்கி அமுக்கிப் பாத்தார். அப்புறம்: "உனக்கு யாருட்டி சொல்லிக் குடுத்தா?" நாளைக்கு லீவு போடறாராம்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். மு. சாவி கேட்டார். குடுக்கல. பக்கத்துல உட்காந்து டேஷ்போர்ட தட்டிக்கினே வந்தார். சேறு வந்ததும் "போ! போ! விடாத!" எஞ்சின விட சத்தம். புது மண்ணுக்கு முன்னாடி அவரே குதிச்சு எறங்கி காத்த எறக்கினார். இன்னிக்கு நிக்கவே இல்ல.

ஷெட்லருந்து வடக்கத்தி ஆளு ஒருத்தர் கைய ஆட்டிக் கத்தறார்: "ஆ கயா! ஆ கயா!" எல்லாரும் சேந்து கத்தறாங்க. எனக்கு இந்தி தெரியாது. 'வந்தாச்சு'ன்னுதான் இருக்கும், அர்த்தமும் கேக்கல. ஹாரனை விடாம அடிச்சேன்.